இடது பக்கத்துக் கொடி

இறால் கறியில்தான் சண்டை தொடங்கியது. மனைவி சோற்றுக்கு இடப்பக்கமாக இறாலைப் போட்டுவிட்டுக் குசினிக்குத் திரும்பினாள். தொலைக்காட்சியைப் பார்த்தபடி சோற்றில் கை வைக்கப் போனவன், கடைக்கண்ணில் அந்த இறாலைக் கண்டு நிறுத்திவிட்டேன். அப்போதுதான் கடலிலிருந்து தூக்கியது மாதிரிச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. வெந்த இறால் சிவக்கும் என்பது எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்க மீன் பிடிக்கிறவனுக்கு வேகாத இறாலைப் போடுகிறாயா என்று வீடு அதிரச் சத்தம் போட்டேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஊரே அப்படித்தான் சொல்லும், நானும் மறுப்பதில்லை.

அவள் அகப்பையும் கையுமாக வந்தாள். தட்டைப் பிடித்து வெளிச்சம் விழுகிற பக்கமாகச் சுற்றி வைத்தாள். இறால் எனக்கு வலப்பக்கம் வந்தது. செக்கச்செவேல் என்று, மிளகாய்த்தூள் ஊறிய எண்ணெய் மினுமினுக்கக் கிடந்தது. "கண்ணாடியைப் போடுங்கோ. இல்லாட்டி வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ" என்றாள். நான் இரண்டாவதைச் செய்தேன்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு காலை எனக்குப் பின்மண்டையில் பொறுக்க முடியாத இடி. இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப் போயின. பனடோல் போட்டதில் தலையிடி போய்விட்டது, விரல் மரப்பு மட்டும் போகவில்லை. எஞ்சின் பிடியின் அதிர்வால் வந்தது என்று நானே தீர்மானித்துத் தைலம் தடவிக்கொண்டு கடலுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன மனைவிக்கு நல்ல ஏச்சு விழுந்தது. விசர் வேலை. இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

அன்றிலிருந்து எனக்கு இடப்பக்கத்தில் ஏதோ ஒரு குறை. இருட்டு இல்லை. ஆள் தெரியும், படகு தெரியும், எங்கள் ஊர்க் கடற்கரை வீதியில் மாடுகள் மாதிரித் திரிந்து குப்பை கிளறுகிற மான்களும் தெரியும். எல்லாம் தெரியும், ஆனால் வெயிலில் காயப்போட்டு மறந்துவிட்ட துணி மாதிரி வெளுத்துத் தெரியும். இடது கண் பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அதைப் பொத்திப் பார்த்தேன், வலது கண்ணிலும் இடப்பக்கம் அப்படியே இருந்தது. பிறகு வலது கண்ணைப் பொத்தினேன், அதிலும் அதே கதை. முகத்தைத் திருப்பி நேராகப் பார்த்தால் எல்லா நிறமும் இருந்த இடத்தில் இருந்தது. வயது போகிறது, வெள்ளெழுத்து மாதிரி இதுவும் ஒன்றாக்கும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு உண்மையில் எரிச்சலைத் தந்தது கொடிதான். எங்கள் கொட்டியாரக் குடாவில் வலை போடுகிறவர்கள் வலையின் முனையில் மிதவை கட்டி, அதில் மூங்கில் தடி குத்தி, தடியில் ஒரு துண்டுத் துணி கட்டிவிடுவோம். பின்னேரம் போட்ட வலையை மறுநாள் காலையில் அந்தக் கொடியைப் பார்த்துத்தான் தேடிப் போவது. வலைகளைப் பார்த்து அடையாளம் பிடிக்க ஏலாது, எல்லோரும் ஒரே கடையில் வாங்குகிறோம். கொடியின் நிறம்தான் ஆளின் பெயர். எனது கொடி சிவப்பு. அது திடீரென்று வெளுத்துப் போய்விட்டது என்று மனைவியிடம் சொல்லிப் புதிதாக ஒன்று தைத்து வாங்கினேன். தடியில் கட்டிக் கடலில் விட்டு, அடுத்த காலையில் போய்ப் பார்த்தால் அதுவும் சாம்பல். ஒரு நாள் வெயிலுக்கே சாயம் விடுகிற துணியை எந்தக் கடையில் பொறுக்கினாய் என்று அதற்கும் ஒரு சண்டை பிடித்தேன்.

நான் எஞ்சினுக்கு வலப்பக்கமாக இருந்து இடது கையால் பிடியைப் பிடிக்கிறவன். கொடியை எப்போதும் படகின் இடப்பக்கமாக அணைத்துத்தான் வலை தூக்குவேன். என் கண்கள் முன்னால் வருகிற அலையில் இருக்கும். கொடி இடப்பக்கமாக வந்து நிற்கும், கை தன்பாட்டில் அதைப் பிடிக்கும். கொடியை நேருக்கு நேர் பார்க்கிற பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பழகின வேலைக்கு யார் கண்ணைக் கொடுத்துப் பார்க்கிறார்கள்?

இனிக் கிண்ணியா நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதனால் அவர்கள் வழக்கப்படி நானா, அதாவது அண்ணன்; குடாவுக்கு அந்தப் பக்கம் கிண்ணியாவிலிருந்து கடலுக்கு வருகிறவர். அவருடைய கொடி பச்சை. நானும் அவரும் குடாவின் நடுவில் உள்ள ஒரே கற்பாரில், மீன் தங்குகிற கடலடிப் பாறைத் திட்டில், பக்கம் பக்கமாக வலை போட்டு வந்தோம். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு ஜும்மா. காலையில் கடலுக்கு வரமாட்டார், தொழுகை முடிந்து பின்னேரம்தான் வலையைத் தூக்க வருவார். அதுவரை அவருடைய வலைக்கு நான் காவல். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தேவாலயத்தில் பூசை. அன்று எனது வலைக்கு அவர் காவல். இதை நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, எப்படியோ தொடங்கி நடந்து வந்தது. அவருடைய ஆட்களும் எங்கள் ஆட்களும் ஒருவரை ஒருவர் நம்பப் பயந்த காலங்கள் இந்தக் குடாவுக்கு வந்து போயிருக்கின்றன. அப்போதும் வெள்ளிக்கிழமை வலையை நான் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை வலையை அவர் பார்த்தார். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

எங்களிடையே பகிடிக்கும் குறைவில்லை. கடல் அடங்கினாலும் தம்பியின் வாய் அடங்காது என்பார் அவர். நானா வாய் திறந்தால் மழை வரும் என்பேன் நான். அவ்வளவு அளந்து பேசுகிற மனிதர்.

அந்த வெள்ளிக்கிழமை நான் தனியாகத்தான் போனேன். வழக்கமாகப் படகின் முன்பக்கம் நிற்கிற என் மச்சான், மனைவியின் தம்பி, அறுவடைக்கென்று தம்பலகாமம் போயிருந்தான். விடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நேரம். இரவில் கடல் கொஞ்சம் பெருத்திருந்தது, மிதவைகள் இடம் மாறிக் கிடந்தன. பாருக்குக் கிட்டப் போனதும் இடப்பக்கமாக ஒரு கொடி ஆடிக்கொண்டு வந்தது. சாம்பல் நிறம். சாயம் போன என் கொடி. வேறு யாருடையதாக இருக்கும்? தடியைப் பிடித்து உள்ளே இழுத்து இடப்பக்கம் சாய்த்துவிட்டு வலையைத் தூக்கத் தொடங்கினேன். நல்ல மீன்பாடு. விளைமீனும் பாரையுமாக வந்தது. தனியாக இழுக்கிற களைப்பும் மறந்து பாட்டுக்கூடப் பாடிக்கொண்டிருந்தேன்.

பாதி வலை ஏறியிருக்கும். வலப்பக்கமாக ஒரு எஞ்சின் சத்தம் வந்து நின்றது. பார்த்தால் நானா. கடல் பெருத்திருந்தபடியால், தொழுகைக்கு முன்னம் வலை அறுந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துப் போக வந்திருக்கிறார். நான் சிரித்துக் கையைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, அது ஆர்ர கொடி?"

என்ன கேள்வி இது, என்ர கொடிதான் என்றேன். அவர் விரலை மட்டும் நீட்டினார். நான் திரும்பி, சாய்த்து வைத்திருந்த தடியை நேருக்கு நேர் பார்த்தேன். பச்சை. கிளிப்பச்சை.

முகத்தை வலப்பக்கம் திருப்பினேன், கடைக்கண்ணில் கொடி சாம்பலாகிவிட்டது. மீண்டும் நேராகப் பார்த்தேன், பச்சை வந்தது. திருப்பினேன், போனது. பேயறைந்தவன் மாதிரி தலையை அங்கும் இங்கும் ஆட்டிக்கொண்டு நின்றேன். எனக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே விளங்காத நேரம். அகப்பட்டவன் தப்ப வழி தேடி முழிக்கிறான் என்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை தம்பி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், எனக்கு அது கைவந்த வேலை. வலையையும் மீனையும் அவருடைய படகுக்கு மாற்றிக் கொடுத்தேன். அவர் மீனைப் பார்க்கவேயில்லை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சினை இழுத்தார்.

நான் கரைக்கு வரும் முன்னமே கதை வந்து சேர்ந்திருந்தது. கடலில் எங்களைத் தாண்டிப் போன படகில் இருந்து யாரோ கண்டிருக்கிறார்கள். மற்றவன் வலையைத் தூக்குவதைவிடக் கேவலமான ஒன்று எங்கள் தொழிலில் இல்லை. அதிலும் காவல் நிற்க வேண்டியவனே தூக்குவது. ஒருவரும் முகத்துக்கு நேரே கள்ளன் என்று சொல்லவில்லை. நான் கிட்டப் போனதும் கதையை நிறுத்தினார்கள், அது அதைவிட மோசம். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

இடப்பக்கம் எனக்கு நிறம் தெரிவதில்லை என்று இரண்டு மூன்று பேரிடம் சொன்னேன். கேட்டவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். கடைசியில் எங்கள் மீனவர் சங்கத் தலைவர் ஒரு வழி சொன்னார். நல்ல மனிதர், பிரச்சினை முடியட்டும் என்றுதான் செய்தார். நானாவையும் வரச்சொல்லி, இறங்குதுறையில் எல்லோருக்கும் முன்னால் எனது கொடியையும் அவருடைய கொடியையும் நட்டு, எது எது என்று என்னைக் கேட்டார். எது சிவப்பு, எது பச்சை என்று கேட்டால் யாரும் என்ன செய்வார்கள்? திரும்பிப் பார்ப்பார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். இது சிவப்பு, இது பச்சை என்று டக்கென்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என் கழுத்துக்கு நானே கயிறு போட்டுக்கொண்டது விளங்கியது.

நேராகப் பார்த்தால் தெரியும், இடப்பக்கமாக வந்தால்தான் தெரியாது என்று நான் கத்தினேன். கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்தினேன். ஒரு இளந்தாரி, அண்ணனுக்கு ஒரு பக்கம் கலர் டிவி, மறுபக்கம் பழைய டிவி என்றான். துறையே சிரித்தது. உண்மையில் அவன் சொன்னதுதான் சரி, அதைவிடத் திறமாக நானும் சொல்லியிருக்க ஏலாது. ஆனால் அது பகிடியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

நானா சிரிக்கவில்லை. அவர் நான் பிழையாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்து வந்திருந்தார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. நான் சிவப்பைப் பச்சை என்று சொல்லியிருந்தால் அவருடைய மனம் ஆறியிருக்கும். அவர் தன் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போனார். அடுத்த நாளே பாரில் இருந்து தன் வலைகளைத் தூக்கி மூதூர்ப் பக்கமாகக் கொண்டுபோய்ப் போட்டார். நான் எடுத்த தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் இல்லை. அந்த ஞாயிறு நான் பூசையால் வந்து கடலுக்குப் போனபோது எவனோ எனது வலையை உதறிவிட்டுப் போயிருந்தான், ஒரு செதில்கூட மிச்சமில்லை. காவல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மீன் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் இல்லாத பார் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

என்னை நம்பிய ஒரே ஆள் என் மனைவி. இறால் தட்டைச் சுற்றி வைத்தது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் என்னைச் சுவரைப் பார்க்கச் சொல்லி, இடப்பக்கமாக ஒவ்வொரு சாமானாகக் காட்டி நிறம் கேட்டாள். தக்காளி, சாம்பல். அவளுடைய மஞ்சள் சட்டை, சாம்பல். கறிவேப்பிலை, அதைவிடக் கொஞ்சம் இருண்ட சாம்பல். அவள் கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள். அதன் பிறகு எனக்கு வாயைத் திறக்க விடவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே முதலில் புள்ளி புள்ளியாக நிறம் போட்ட புத்தகத்தைக் காட்டி அதில் உள்ள இலக்கங்களை வாசிக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சரியாக வாசித்தேன், வாசிக்க வாசிக்க எனக்குக் கடுப்பு ஏறியது. இங்கேயும் துறையில் நடந்த கூத்துத்தான். அதன் பிறகு ஒரு பெண் டொக்டர் வந்தா. என் மனைவி சொன்னதைச் சிரிக்காமல் கேட்டா. தன் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, ஒரு சிவப்புப் பேனை மூடியை என் இடப்பக்கத்தில் இருந்து மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தா. மூக்குக்கு நேரே வந்ததும் அது சிவந்தது. இப்போது சிவப்பு என்று சொன்னேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

தலையைப் படம் எடுத்துப் பார்த்து அவ விளக்கமும் சொன்னா. கண் இரண்டும் நல்லாயிருக்கின்றன. பின்மண்டையில், வலது பக்கம், சின்ன இரத்தக்குழாய் ஒன்று அடைத்திருக்கிறது. உருவத்தைப் பார்க்க மூளையில் ஒரு இடம், நிறத்தைப் பார்க்க வேறு ஒரு இடம். இடப்பக்கத்து நிறத்தைப் பார்க்கிற இடம்தான் எனக்குப் பழுதாகியிருக்கிறது, விரல் மரப்பும் அதோடு வந்ததுதான். நிறம் திரும்பி வரலாம், வராமலும் விடலாம். தந்த மருந்துக் குளிசையை நிற்பாட்டக் கூடாது, தனியாகக் கடலுக்குப் போகக் கூடாது, எதையும் முகத்தைத் திருப்பிப் பார்த்துப் பழக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, ஒருமுறை எங்கள் இறங்குதுறைக்கு வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவ சிரித்தா. பிறகு நான் பகிடி விடவில்லை என்று கண்டு, நீங்களே போய்ச் சொல்லுங்கோ என்றா.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிகிற நேரம் பார்த்துக் கிண்ணியாவுக்குப் போனேன். அந்த நேரத்தில் அவர் கரையில்தான் இருப்பார். நான் பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேர்ட்டை மனைவி மடிப்பு வைத்து மினுக்கித் தந்தாள். பாலத்தால் பஸ்ஸில் போயிருக்கலாம், ஆனால் படகில் போவதுதான் முறை என்று எனக்குப் பட்டது. மச்சான் எஞ்சினைப் பிடித்தான். கரையில் இறங்கும்போது அலை தள்ளியதில் இடது கையை ஒரு கல்லில் ஊன்றி ஏறினேன். கல் முழுக்கச் சிப்பி ஒட்டியிருந்தது.

நானா மரநிழலில் ஒரு கவிழ்த்த படகுக்குப் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பச்சைக் கொடி கட்டிய தடி படகில் சாய்ந்திருந்தது. என்னைக் கண்டு எழும்பவில்லை. "இரிங்க" என்றார். நான் இருக்கவில்லை. நின்றபடியே டொக்டர் சொன்னது எல்லாவற்றையும் கொட்டினேன், இரத்தக்குழாய், பின்மண்டை, பேனை மூடி எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு புழுகு மாதிரிக் கேட்டது. அவர் ஊசியில் நூல் கோத்து முடித்தார்.

"டொக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா நான் டொக்டரை நம்பி வலை போடல்ல தம்பி. உங்கள நம்பித்தான் போட்டன்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வெள்ளிக்கிழமை ஒரு மீன் குறைந்ததா, ஒரு கண்ணி அறுந்ததா என்று கத்தினேன். கத்திக்கொண்டே இடது கையை ஆட்டினேன், ஈரமாக இருந்தது, சேர்ட்டில் துடைத்தேன், மீண்டும் ஆட்டினேன், மீண்டும் துடைத்தேன். கண் அவர் முகத்தை விட்டு அசையவில்லை. அவர் முகம்தான் மாறிக்கொண்டு வந்தது.

"கையில என்ன?" என்று கேட்டார்.

"தண்ணி. இறங்கேக்க நனைஞ்சது."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். எழும்பி வந்து எனது இடது மணிக்கட்டைப் பிடித்தார். தன்னைப் பார்க்கும்படி சொல்லிவிட்டு, கையை இடப்பக்கமாகத் தூக்கி, என் முகத்துக்கு முன்னால் மெதுவாகக் கொண்டுவந்தார். சாம்பல் நிறத்தில் ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர், மூக்குக்கு நேரே வந்ததும் இரத்தமாகியது. சிப்பி உள்ளங்கையை நீளத்துக்குக் கிழித்திருந்தது. மரத்த விரலோரம் என்றபடியால் எனக்கு நோவே தெரியவில்லை. குனிந்தேன். சேர்ட்டின் இடப்பக்கம் முழுக்க நானே பூசிய இரத்தம்.

அவர் என் கையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கையைத் திரும்பவும் இடப்பக்கம் கொண்டுபோனார். "போயிட்டுது" என்றேன். நடுவுக்குக் கொண்டுவந்தார். "வந்திட்டுது" என்றேன். அவர் இன்னொருமுறை அப்படிச் செய்யவில்லை.

"அல்லாஹ்வே" என்று மெல்லச் சொன்னார். பக்கத்தில் வேறு துணி இல்லை. சாய்ந்திருந்த தடியை இழுத்து, கொடியின் நுனியில் பல்லால் ஒரு கிழி கிழித்து, நீளமாக ஒரு துண்டு எடுத்து என் கையைச் சுற்றிக் கட்டினார். இறுக்கிக் கட்டினார், அப்போதுதான் எனக்கு நொந்தது. வெள்ளைச் சேர்ட்டைப் பழுதாக்கிவிட்டீர்கள், வீட்டில் ஏச்சு விழும் என்றார். ஏச்சு விழுந்ததும் உண்மைதான். கட்டியிருந்த பச்சைத் துணியைக் கண்டதும் மனைவி ஏச்சை நிறுத்திவிட்டாள்.

அடுத்த கிழமை அவருடைய வலை பழைய பாருக்கு வந்துவிட்டது. கொடியும் வந்தது, ஒரு பக்கத்தில் கிழித்தெடுத்த வாய் திறந்தபடி. புதுத்துணி மாற்றுவார் என்று பார்த்தேன். மாற்றினார், பிறகும் பலமுறை மாற்றியிருக்கிறார். மாற்றுகிற ஒவ்வொரு கொடியிலும் அதே இடத்தில் அதே மாதிரி ஒரு துண்டைக் கிழித்துவிட்டுத்தான் தடியில் கட்டுகிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எனக்கு நிறம் இன்னும் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமைக் காலைகளில் மச்சானோடு பாருக்குப் போகும்போது, அந்தக் கிழிந்த கொடி எனக்கு இடப்பக்கமாகச் சாம்பல் நிறத்தில் ஆடும். அது பச்சை என்று தெரிந்துகொள்ள நான் முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை.